மண்ணுக்குள் சூட்டை இறக்கும் முன்: வளைகுடாவில் ஸ்பெக் எழுதும் தமிழ்ப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொலைத்தொடர்புக் கோபுரங்கள், எண்ணெய்க் குழாய்ப் பாதையில் உள்ள கட்டுப்பாட்டு அறைகள், துணை மின்நிலையங்கள் இவற்றுக்கெல்லாம் என்ன ஏசி வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

நான் உங்கள் மேசைக்கு மறுபக்கத்தில் இருப்பவன். நீங்கள் எழுதுவதை மாட்டுவதும் ஓட்டுவதும், அது நின்றுபோனால் வண்டி எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பதும் என் வேலை. வளைகுடாவில் இந்த இரண்டு பக்கத்திலும் நம் ஊர்க்காரர்கள் நிறைய இருக்கிறோம். அதனால்தான் தமிழிலேயே எழுதுகிறேன். இந்த ஊர் மேலதிகாரிகளிடம் இதைக் கொண்டு சேர்க்கும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

கொஞ்ச காலமாக டெண்டர்களில் ஒரு வரி எட்டிப் பார்க்கிறது: சூட்டைக் காற்றில் விடாமல் குழாய் பதித்து மண்ணுக்குள் விடும் ஹீட் பம்ப். பாலைவனத்துக்கு அது நல்ல யோசனை என்றே நானும் நம்புகிறேன். ஆனால் இப்போது எழுதப்படும் விதத்தில் எழுதினால் இரண்டு கோடைக்குள் கெட்ட பெயர் வாங்கிவிடும். அப்புறம் பத்து வருஷத்துக்கு யாரும் அந்தப் பக்கம் திரும்பமாட்டார்கள். அப்படி ஆகக்கூடாது என்பதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் இது யாருக்காக என்பதைச் சொல்லிவிடுகிறேன். கோபுரத்தடியில் ஒரு கன்டெய்னர் அளவு ஷெல்ட்டர். உள்ளே ரேடியோ கருவிகள், மின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றும் ரெக்டிஃபையர், பேட்டரி வரிசை. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 5 கிலோவாட் சூட்டை இரவு பகலாக வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். சுவரில் இரண்டு ஏசி. வானிலை அறிக்கை 48 டிகிரி என்று சொல்லும் நாளில் கண்டென்சர் (ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் பகுதி) முன்னால் தெர்மாமீட்டரைப் பிடித்தால் மூன்று நான்கு டிகிரி கூடவே காட்டும். மணலும் தகரச் சுவரும் திருப்பி அனுப்பும் சூடு அது. கண்டென்சர் சுத்தமாக இருந்தாலே ஏசிக்குள் ஓடும் கேஸ், காற்றைவிட 12-15 டிகிரி கூடுதல் சூட்டில்தான் திரவமாகும். ஷமால் என்னும் புழுதிக் காற்று அடித்த மறுநாள் கண்டென்சரின் மெல்லிய தகடுகளான ஃபின்களுக்கு நடுவே புழுதி அடைத்திருக்கும். அந்த இடைவெளி இன்னும் கூடும். ஆர்-410ஏ என்ற அந்த கேஸ் 65 டிகிரியை எட்டும்போது அழுத்தம் 42-43 பார். ஹை பிரஷர் ஸ்விட்ச் வெட்டிவிடும். ஒன்று நின்றதும் முழுச் சுமையும் மற்றதன் தலையில் விழும். கொஞ்ச நேரத்தில் அதுவும் நிற்கும். பிற்பகல் இரண்டு மணிக்கு அலாரம் வரும்.

அலாரம் வந்தால் ஒருவர் போக வேண்டும். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 11 மணியிலிருந்து 4 மணி வரை தடை. நல்ல சட்டங்கள்தான், பல உயிர்களைக் காத்தவை. ஆனால் அமீரகத்தில் அத்தியாவசியச் சேவை அறுந்தால் விலக்கு உண்டு. அந்த விலக்கின் பெயரில் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறவர் பெரும்பாலும் ஒரு தமிழரோ, மலையாளியோ, வங்காளியோ, நேபாளியோ. குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலை 21 அன்று 53.9 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட ஒரு பிற்பகலில் ரீசெட் பட்டனை அமுக்கவும் கண்டென்சரைக் கழுவவும் போவது என்றால் என்ன என்று, போனவர்களிடம் கேளுங்கள்.

மண்ணுக்குள் போகும் குழாய்க்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. புழுதி இல்லை, ஃபின் இல்லை, சுடுகாற்று இல்லை. ஆவியாகித் தீரும் தண்ணீரும் வேண்டாம். கூலிங் டவர் வைத்தால் ஒவ்வொரு கிலோவாட்-மணி சூட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போய்விடும். கடல்நீரைக் குடிநீராக்கி டேங்கரில் ஏற்றிப் பாலைவனத்துக்கு அனுப்பி ஆவியாக்குவதை எந்தக் கணக்காலும் நியாயப்படுத்த முடியாது.

சரி, பிறகு என்ன பிரச்சினை?

இந்த ஹீட் பம்ப் வளர்ந்த ஊர் வேறு. ஸ்வீடன் போன்ற நாடுகளில் அது வீட்டைச் சூடாக்கும் கருவி. குளிர்காலத்தில் மண்ணிலிருந்து சூட்டை எடுக்கும். கோடையில் மண் அதை ஈடு செய்துகொள்ளும். நம் கருவி அறையோ வருஷம் முழுக்க மண்ணுக்குள் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு நாள்கூடத் திருப்பி எடுக்காது. அதோடு, பத்து மீட்டருக்குக் கீழே மண் ஏறக்குறைய அந்த ஊரின் ஆண்டு சராசரி வெப்பத்தில் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அபுதாபி, துபாய் கரையோரத்தில் அந்தச் சராசரி 27-28 டிகிரி. வெறும் மணலைத் தாக்கும் வெயிலையும் சேர்த்தால் மண் 30 டிகிரியை ஒட்டித் தொடங்குகிறது. ஜில்லென்ற மண் இங்கே எந்த ஆழத்திலும் கிடைக்காது. கீழே போகப் போகச் சூடு கூடத்தான் செய்யும்.

"மஸ்தார் சிட்டியில் மண்ணிலிருந்து குளிர் எடுக்கிறார்களே" என்று உங்கள் மேலாளர்கள் கேட்பார்கள். 2023இல் அபுதாபியின் தேசிய எண்ணெய் நிறுவனமும் தப்ரீத் என்ற குளிரூட்டல் நிறுவனமும் சேர்ந்து அங்கே தொடங்கியது வேறு சங்கதி. ஆழ்கிணறுகளிலிருந்து 90 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரை எடுத்து, அந்தச் சூட்டைக் கொண்டு அப்சார்ப்ஷன் சில்லரை (சூட்டால் இயங்கும் குளிர்விப்பானை) ஓட்டுகிறார்கள். அங்கே மண் எரிபொருளாக நிற்கிறது. நாம் பேசுவது மண்ணில் சூட்டைக் கொட்டுவதைப் பற்றி. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால் டெண்டர் கூட்டங்களில் நடக்கும் குழப்பத்தைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எந்த நாடு, யாருடைய சைட் என்பது வேண்டாம். ஒரு ஷெல்ட்டருக்கு, போர் (ஆழ்துளை) போடச் செலவாகும் என்று, இரண்டு மீட்டர் ஆழத்தில் பள்ளம் தோண்டி மணலில் குழாயைச் சுருள் சுருளாகப் பரப்பியிருந்தார்கள். ஜூன், ஜூலையில் அருமையாக ஓடியது. வாட்ஸ்அப்பில் படம் போட்டுப் பாராட்டிக்கொண்டார்கள். ஆகஸ்டில், தண்ணீர் சுற்றிவரும் அந்தக் குழாய் வளையத்திலிருந்து, அதாவது லூப்பிலிருந்து, திரும்பி வரும் தண்ணீர் மெல்ல மெல்லச் சூடேற ஆரம்பித்தது. அக்டோபரில் வெளிக்காற்று இதமாக மாறிவிட்டது; லூப் தண்ணீர் மட்டும் காற்றைவிடச் சூடாக வந்தது. அடுத்த கோடைக்குள் பழைய சுவர் ஏசிகளைத் திரும்ப மாட்டினோம்.

பழுது பார்க்க ஓரிடத்தில் தோண்டியபோது பார்த்தேன். குழாயிலிருந்து இரண்டு சாண் தள்ளி எடுத்த மணலில் லேசாக ஈரம் இருந்தது. கையில் பிடித்து அமுக்கினால் உருண்டையாக நின்றது. குழாயை ஒட்டிய மணல் விரலிடுக்கில் அப்படியே வழிந்து ஓடியது, துளி ஈரம் இல்லை. குழாயின் சூடு பக்கத்திலிருந்த ஈரத்தை அப்பால் விரட்டிவிட்டது. ஈரம் போன மணல் சூட்டைக் கடத்தாது. நீரில் ஊறிய மணல் மீட்டருக்கு, டிகிரிக்கு 2 வாட்டுக்கு மேல் கடத்தும் என்றால், காய்ந்த மணல் 0.3 வாட் கடத்தினாலே பெரிது. குழாய் தன்னைச் சுற்றித் தானே ஒரு கம்பளியைச் சுற்றிக்கொண்டது.

அக்டோபர் விஷயத்துக்கும் காரணம் இருக்கிறது. மேல்மட்டச் சூடு மண்ணுக்குள் இறங்க நேரம் பிடிக்கும். காய்ந்த மணலில் இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில் கோடையின் உச்சம் இரண்டரை, மூன்று மாதம் தாமதமாகத்தான் வந்து சேரும். ஜூலையில் அளந்து பார்த்து "மண் குளிர்ச்சியாக இருக்கிறது" என்று அறிக்கை எழுதினால், அது போன வசந்த காலத்தை அளந்த அறிக்கை.

இதெல்லாம் புதுசு இல்லை. உங்கள் அலுவலகத்திலேயே, அடுத்த அறையில், இதை நன்றாக அறிந்தவர்கள் இருக்கிறார்கள்: கேபிள் பிரிவு. 132 கேவி கேபிளைப் புதைக்கும் முன் மண்ணின் வெப்பத் தடையை அளக்காமல் அவர்கள் ஒரு அடி எடுத்து வைக்கமாட்டார்கள். கேபிள் சூட்டில் மண் காய்ந்து, காய்ந்ததால் கேபிள் இன்னும் சூடாகி, கடைசியில் எரிந்துபோகும் ஆபத்தை அவர்கள் எப்போதோ படித்துவிட்டார்கள். வளைகுடாவில் கேபிள் கணக்குக்கு மண்ணை 35-40 டிகிரி என்று வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். அதே மண்ணை 25 டிகிரி என்று எழுதிய ஹீட் பம்ப் கணக்கையும் நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பிரிவும் ஒரே மாடியில்தான் இருந்தன. தயவு செய்து எழுந்து போய் அவர்களிடம் கேளுங்கள். உங்கள் பாதையின் பாதி நீளத்துக்காவது மண் பரிசோதனை அறிக்கை அவர்கள் அலமாரியில் இருக்கும்.

இனி கணக்கு. இதில்தான் என் கோரிக்கையே இருக்கிறது.

5 கிலோவாட் அறை. கம்ப்ரசரின் சூட்டையும் சேர்த்து மண்ணுக்குள் போவது 6.25 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்தின் 8,760 மணி நேரமும் விட்டால் 54,750 கிலோவாட்-மணி. ஓரளவு ஈரமுள்ள, 1.5 வாட் கடத்தும் மண் என்றே கொள்வோம். போர்குழியின் ஒவ்வொரு மீட்டருக்கும் 30 வாட் இறக்கினால், பத்து வருஷ முடிவில் லூப் தண்ணீர் மண்ணின் தொடக்கச் சூட்டைவிட 20 டிகிரிக்கு மேல் உயர்ந்து நிற்கும். அதாவது 50 டிகிரி. கண்டென்சர் காற்றிலேயே இருந்திருக்கலாம். சுமையைப் பாதியாக்கி மீட்டருக்கு 15 வாட் என்று வைத்தால் 40 டிகிரியில் நிறுத்தலாம். அதற்கு 400 மீட்டருக்கு மேல் துளைக்க வேண்டும். ஒன்றுக்கொன்று சூடேற்றிக்கொள்ளாமல் தள்ளித் தள்ளித் துளைக்க இடமும் வேண்டும். ஒரு சின்ன ஷெல்ட்டருக்கு இந்தச் செலவை எந்த நிதிப் பிரிவும் ஒப்புக்கொள்ளாது. காய்ந்த மணலில் என்றால் 400 மீட்டரும் போதாது.

ஆனால் நமக்கு 8,760 மணி நேரமும் மண் எதற்கு? இரவில் காற்று இருக்கிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரை பகலிலும் காற்று போதும். சுவர் ஏசி திணறுவது கோடையின் 120 நாட்களில், நாளுக்கு ஒரு 6 மணி நேரம். மொத்தம் 720 மணி நேரம். அந்த நேரத்துக்கு மட்டும் மண்ணைப் பயன்படுத்தினால் உள்ளே போவது 4,500 கிலோவாட்-மணி. பன்னிரண்டில் ஒரு பங்கு. மற்ற நேரமெல்லாம் அதே தண்ணீரை வெளியே ஒரு டிரை கூலர் (தண்ணீரை விசிறிக் காற்றால் குளிர்விக்கும் கருவி) வழியாகச் சுற்றிக் காற்றில் சூட்டை விடுங்கள். ஒரு மூன்று வழி வால்வும் இரண்டு சென்சாரும்தான் வித்தியாசம். என் கணக்குப்படி, அதே ஈர மண்ணில், 100 மீட்டர் ஆழத்தில் இரண்டு போர் இருந்தால் மிக மோசமான பிற்பகலிலும் லூப் தண்ணீர் 40 டிகிரியை ஒட்டியே நிற்கும். கேஸ் 48 டிகிரியில் திரவமாகும். அழுத்தம் 29-30 பார். வெட்டும் எல்லைக்கு வெகு கீழே. அலாரம் வராது. யாரும் போக வேண்டாம்.

குளிர்காலத்தில் இன்னும் ஒரு வேலை பாக்கி. ஜனவரி இரவில் துபாயில் 14 டிகிரி, ரியாத்திலும் குவைத்திலும் அதற்கும் கீழே. அந்த இரவுகளில் டிரை கூலரில் குளிர்ந்த தண்ணீரைக் கம்ப்ரசர் பக்கம் போகவிடாமல் நேரே போருக்குள் சுற்றிவிட்டு, கோடையில் உள்ளே விட்ட சூட்டைத் திருப்பி எடுத்துக் காற்றில் விட்டுவிட வேண்டும். பம்புக்கு ஆகும் மின்சாரம் மட்டும்தான் செலவு. இப்படி வருஷா வருஷம் கணக்கை நேர் செய்தால் பத்தாவது கோடையும் முதல் கோடையைப் போலவே இருக்கும். குளிர்காலம் நன்றாகக் குளிரும் உள்நாட்டு, வடக்குப் பாலைவனங்களில் இது இன்னும் எளிது. ஓமானின் தெற்குக் கரை போன்ற இடங்களில் அவ்வளவு பலன் இராது. அங்கே வேறு வழி பாருங்கள்.

இப்பகுதி மக்களுக்கு இது தெரியாத ஒன்றல்ல. பாக்தாத்தின் பழைய வீடுகளில் சர்தாப் என்று பாதி மண்ணுக்குள் இறங்கிய அறை இருக்கும். கோடையின் பிற்பகலை அங்கே கழிப்பார்கள்; இரவானால் மொட்டை மாடிக்குப் படுக்கை போய்விடும். அறைக்கு மேலிருந்து இறங்கும் காற்றுக் கூண்டு இருக்கும். எந்த நேரத்துக்கு மண், எந்த நேரத்துக்கு வானம் என்று பிரித்து வைத்திருந்தார்கள்.

உங்கள் ஸ்பெக்கில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நான் விரும்புவதை இனி சொல்கிறேன்.

துளைக்கும் முன் வெப்பப் பரிசோதனை. ஒரே ஒரு போர் போட்டு, இரண்டு நாளாவது ஒரே அளவு சூட்டைத் தொடர்ந்து தண்ணீரில் ஏற்றிச் சுற்றவிட்டு, அது எப்படி உயர்கிறது என்று பதிவு செய்யும் சோதனை. 1983இல் ஸ்வீடனில் மொகென்சன் முன்வைத்த முறை; 90களில் அங்கும் அமெரிக்காவின் ஒக்லஹோமாவிலும் வண்டியில் ஏற்றிப் போகும் அளவுக்குக் கருவியாக்கிவிட்டார்கள். "மண் கடத்துதிறன்: அட்டவணைப்படி" என்று எழுதும் ஒப்பந்தக்காரரைத் திருப்பி அனுப்புங்கள். மணல்மேட்டுக்கும் சப்கா என்னும் உப்புச் சமவெளிக்கும் ஒரே அட்டவணை செல்லாது. சப்காவில் ஒரு மீட்டர் தோண்டினாலே உப்புநீர் நிற்கும். அந்த ஈரம் நமக்கு வரம். ஆனால் அந்த உப்பு சாதாரண சிமென்டையும் இரும்பையும் தின்றுவிடும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

குழாய்க்கு வெளியே நிரப்பும் கிரவுட்டையும் கவனியுங்கள். வெறும் பென்டோனைட் களிமண் வறண்ட மண்ணில் ஈரம் இழந்து சுருங்கும், வெடிக்கும், குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவே காற்று புகும். மணலோ கிராஃபைட்டோ கலந்த, காய்ந்தாலும் சுருங்காத கலவையாகக் கேளுங்கள். பிஇ-100 பிளாஸ்டிக் குழாயின் அழுத்த மதிப்பு 20 டிகிரிக்கு எழுதப்பட்டது; 40 டிகிரியில் அதில் முக்கால் பங்குதான் மிஞ்சும். ஐரோப்பிய கேட்லாக்கை அப்படியே ஒட்டாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால், ஒரு திர்ஹமும் துளைக்கச் செலவழிக்காமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அறை முழுவதையும் 22-23 டிகிரியில் வைக்கச் சொல்லும் பழைய வரியை எடுத்துவிடுங்கள். குளிர் கேட்பது பேட்டரி மட்டும்தான். ஈய-அமில பேட்டரி 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய பாதி ஆயுளை இழக்கும். ரெக்டிஃபையரும் ரேடியோவும் 35 டிகிரியில் நிம்மதியாக ஓடும். வெளியே மாட்டும் ரேடியோக்கள் 55 டிகிரி வரை தாங்கும்படியே வருகின்றன. பேட்டரியைத் தனிப் பெட்டியில் அடைத்து அதை மட்டும் குளிர்வித்தால் ஏசி சுமை பெரிதாக இறங்கும். சுமை இறங்கினால் போரின் நீளமும் அந்த விகிதத்தில் இறங்கும். பெரிய இன்வெர்ட்டர், திரவத்தால் குளிரும் சர்வர் போன்றவற்றுக்கு 40 டிகிரி தண்ணீரே போதுமானது. அங்கே கம்ப்ரசரே இல்லாமல் பம்பும் லூப்பும் வைத்து முடிக்கலாம். அந்த இடங்களில் முதலில் செய்து காட்டுங்கள் என்பேன்.

மின்சாரச் சேமிப்பைப் பெரிதாகச் சொல்லி இதை விற்காதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். வருஷத்தில் 720 மணி நேரம் கொஞ்சம் மின்சாரம் மிஞ்சும், அவ்வளவுதான். டீசல் ஜெனரேட்டரில் ஓடும் சைட்டில் அதற்கு மதிப்பு உண்டு. மின்கம்பி உள்ள இடத்தில் போர் செலவை அது மட்டுமே ஈடுகட்டாது. எத்தனை முறை கோபுரம் அணைந்தது, எத்தனை முறை நண்பகலில் ஆள் அனுப்பப்பட்டார் என்ற பதிவு உங்கள் நிறுவனத்தில் இருக்கும். அதை எடுத்துச் செலவுக் கணக்கின் முதல் வரியில் வையுங்கள். அந்த வரிக்கு எதிரே இரண்டு போர் பெரிய செலவாகத் தெரியாது.

கடைசியாக ஒன்று. லூப் போகும் குழாயிலும் திரும்பும் குழாயிலும் ஒவ்வொரு சென்சார், போர்குழியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி மண்ணில் ஒன்று. இந்த மூன்றின் பதிவையும் ஐந்து வருஷத்துக்காவது விடாமல் எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். திரும்பும் தண்ணீர் முந்தைய வருஷத்தின் அதே வாரத்தைவிட இரண்டு டிகிரி கூடினால் குளிர்கால மீட்பு போதவில்லை என்று பொருள். டிரை கூலரை இன்னும் அதிக இரவுகள் ஓட்டச் சொல்லி அங்கேயே ஒரு வரி சேருங்கள். அந்தப் பதிவுகளை நிறுவனத்துக்குள் பூட்டி வைக்காமல் வெளியிட உங்களால் அனுமதி வாங்க முடிந்தால், மற்ற நாட்டுப் பாலைவனங்களில் இதே வேலையைச் செய்கிறவர்களுக்கும் உதவும். அடுத்த கோடைக்கான டெண்டர்கள் அக்டோபரில் தயாராகும். பரிசோதனைப் போருக்கு இந்தக் குளிர்காலமே வசதியான காலம். துளைக்கும் நாளில் உதவிக்கு ஆள் வேண்டுமானால் எங்கள் குழுவில் பலர் வரத் தயாராக இருக்கிறார்கள்.

அன்புடன்,
வளைகுடாவில் பணிபுரியும் ஒரு குளிரூட்டல் தொழில்நுட்பர்